வளைந்த விரல்கள் வழங்கிய ஒளி

இளநிலை அறிவியல், விலங்கியல், இரண்டாம் ஆண்டு

உலகில் நோய் காணாதவர் எவருமிலர். வந்த நோயிடம் தம்மை ஒப்படைத்துவிட்டவர் பலர். வந்த நோயோடு வாழப் பழகி, பிறர் துயரையும் துடைத்தவர் மிகச் சிலர். அந்தச் சிலருள் ஒருவர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள். மருத்துவம் பயிலாத விலங்கியல் மாணவனாகிய நான் அப்பெருந்தகையின் வரலாற்றை எழுத முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கண்ணும் என் முதுகும்

நான் கொல்லிமலையைச் சேர்ந்தவன். செம்மேட்டிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள சிற்றூர். அப்பா மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் என் வலக் கண் சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்றார்கள் எல்லாரும். பாட்டி நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினார். கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையும் விட்டோம். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் பரவும். எனக்குப் பீளையும் இல்லை. வேறு யாருக்கும் பரவவும் இல்லை. ஒரே கண், உள்ளே குடைகிற வலி, வெளிச்சம் பட்டால் தாங்க முடியாத கூச்சம். ஆனாலும் நாங்கள் யோசிக்கவில்லை. மூன்று வாரம் கடந்தது.

பார்வை மங்கத் தொடங்கிய பிறகே அப்பா என்னைக் கீழ்நாட்டுக்கு அழைத்து வந்தார். செம்மேட்டிலிருந்து காரவள்ளி வரையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது நீங்கள் அறிந்ததே. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து திரும்பும்போது வெயிலும் பக்கம் மாறும். எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் அடுத்த வளைவில் வெயில் கண்ணில் வந்து விழும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, எழுபது வளைவுகளையும் கண்ணை மூடியபடியே கடந்தேன்.

கண் மருத்துவர் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். காலையில் எழும்போது இடுப்பும் முதுகும் விறைத்துக்கொள்கின்றனவா, நடமாடியதும் சரியாகிவிடுகின்றனவா என்று வினவினார். எனக்கும் அப்பாவுக்கும் வியப்பு. ஓராண்டாகவே அப்படித்தான் இருந்தது. மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று நாங்கள் விட்டிருந்தோம்.

நோயின் பெயர் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். முதுகெலும்பையும் இடுப்பு மூட்டுகளையும் தாக்கும் ஒருவகை வாத நோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் வீட்டையே பகை வீடென்று மயங்கித் தாக்குவதால் வருவது. இந்நோய் கண்டவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கண்ணின் உட்பகுதியிலும் அழற்சி உண்டாகிறது. அதன் பெயர் யுவியைட்டிஸ். கண் பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரை வீங்கிச் சிவக்கும், கவனியாது விட்டால் பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணின் அழுத்தம் கூடும், புரை விழும், பார்வையே போகவும் கூடும். ஒருமுறை வந்து போவதன்று. மீண்டும் மீண்டும் வருவது. எச்.எல்.ஏ. பி-27 என்னும் மரபுக்கூறு உடையவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை 1973-ஆம் ஆண்டில் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்சிலும் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். அக்கூறு இருந்தாலே நோய் வந்துவிடும் என்பதன்று. பெரும்பாலோர்க்கு வருவதே இல்லை. எனக்கு வந்தது.

மூன்று வாரத் தாமதத்துக்கு நான் கொடுத்த விலை, வலக் கண் பாப்பா ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வட்டம் கோணியதாகும். அது இன்றும் அப்படியே இருக்கிறது.

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் நோய் இரண்டு முறை திரும்ப வந்தது. இரண்டாம் முறை வந்தது செய்முறைத் தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்பு. விலங்கியல் மாணவனுக்கு நுண்ணோக்கி இல்லாமல் படிப்பேது? அதன் விளக்கொளியில் கண்ணை வைத்தால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. வருகைப் பதிவும் குறைந்தது. அப்பா விடுதிக்கு வந்து பெட்டியைக் கட்டச் சொன்னார். கண் இருந்தால் காட்டு வேலையாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம், படிப்பு வேண்டாம் என்பது அவர் எண்ணம். நானும் கட்டிவிட்டேன். மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் துறைக்குச் சென்றபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் என்னை உட்காரவைத்து ஒரு மனிதரின் கதையைச் சொன்னார். அவர் சொல்லக் கேட்டதையும், அதன் பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கரிசல் மண்ணில் பிறந்தவர்

மகாகவி பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்னும் கரிசல் கிராமம் உள்ளது. அங்கே 1918-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார் வெங்கடசாமி. தந்தையார் கோவிந்தப்ப நாயக்கர். தாளும் பென்சிலும் கிட்டாத காலம். ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகியவர் அவர். பிற்காலத்தில் அந்த விரல்களுக்கு நேரவிருந்ததை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

சிறுவனாக இருந்தபோது உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. மகப்பேறு மருத்துவராகி இத்தகைய சாவுகளைத் தடுக்க வேண்டும் என்ற உறுதி அப்போதே அவருள் விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பணியாற்றினார்.

இடி விழுந்த ஆண்டு

1948-ஆம் ஆண்டு. வயது முப்பது. முடக்கு வாதம் எனப்படும் ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் அவரைக் கடுமையாகத் தாக்கியது. என் நோய்க்கு இது பங்காளி நோய். என்னுடையது முதுகைப் பிடிப்பது. அவருடையது கை, கால்களின் சிறு மூட்டுகளைப் பிடிப்பது. இரண்டிலும் குற்றம் உடலின் காவற்படைமேல்தான். முடக்கு வாதமும் கண்ணை விட்டுவைப்பதில்லை. கண்ணை வறளச் செய்யும், வெள்ளைவிழியில் அழற்சியை உண்டாக்கும்.

இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்க இயலாது. பேனா பிடிக்க இயலாது. விரல்கள் முறுக்கிக்கொண்டு வளைந்துவிட்டன. அவை பின்னர் ஒருபோதும் நிமிரவில்லை.

அன்று அந்நோய்க்குச் சொல்லும்படியான மருந்து கிடையாது. அதே 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், முடக்கு வாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதற்காக ஹென்ச்சும் உடன் உழைத்த இருவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று என் கண் சிவக்கும்போது நான் விடும் ஸ்டீராய்டு சொட்டு அந்த மருந்தின் வழி வந்ததே. அமெரிக்காவில் அப்பெண் எழுந்து நடந்த அந்நாட்களில் நம் வெங்கடசாமியோ இங்கே எழ முடியாமல் கிடந்தார்.

கத்தி பிடித்த விரல்கள்

உடல் ஓரளவு தேறியபோது ஒன்று தெளிவாகிவிட்டது. மகப்பேறு மருத்துவம் இனி அவருக்கு இல்லை. நெடுநேரம் நிற்கவும், கையில் வலுவோடு செயல்படவும் அத்துறையில் இயல வேண்டும். சிறு வயது முதல் சுமந்த கனவு அங்கே முடிந்தது. வேறொருவராயின் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டு காலந்தள்ளியிருப்பார். இவரோ கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். கண்ணறுவைக்கு வலு வேண்டியதில்லை. ஆனால் மயிரிழை பிசகாத நுட்பம் வேண்டும். வளைந்த விரல்கொண்ட ஒருவர் அதைத் தேர்ந்ததைக் கண்டு அன்று பலரும் வியந்திருக்கக்கூடும்.

சென்னை அரசு கண் மருத்துவமனையில் பயின்று 1951-இல் பட்டயம் பெற்றார். பின்னர் மேற்பட்டமும் பெற்றார். விரல்களை நிமிர்த்த முடியாதென்பதை ஏற்றுக்கொண்டார். விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அவற்றைப் பிடிப்பதற்குப் பயிற்சி, மீண்டும் பயிற்சி என்று நாட்களைச் செலவிட்டார். கண்புரையை அந்தக் கைகளாலேயே அகற்றலானார். வாழ்நாளில் அவர் தம் கையாலேயே செய்த கண்ணறுவைகள் ஓர் இலட்சத்துக்கும் மேல். ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்ததும் உண்டு.

இந்த இடத்தில்தான் எங்கள் பேராசிரியர் கதையை நிறுத்திவிட்டு என் பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் தேடிச் சென்ற மருத்துவம்

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிய அரசு மருத்துவமனையின் கண் மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

நம் நாட்டில் கண்ணிழந்தோரில் பெரும்பாலோர் புரையால் கண்ணிழந்தோரே. புரை என்பது கண்ணின் உள்ளே தெளிவாக இருக்க வேண்டிய வில்லை மங்கிப்போவது. அறுவை செய்தால் பார்வை திரும்பும். ஆயினும் கிராமத்து முதியவர்கள் அதை விதி என்று ஏற்று, திண்ணையிலேயே எஞ்சிய நாளைக் கழித்தனர். மருத்துவமனை தொலைவு, கூட வர ஆளில்லை, கூலி போய்விடும். அவர்கள் வரமாட்டார்கள் என்றால் நாம் போவோம் என்று புறப்பட்டார் வெங்கடசாமி. 1960-களில் கிராமந்தோறும் கண் முகாம்கள் நடந்தன. பார்வை மீளாதவர்களையும் அவர் மறக்கவில்லை. 1966-இல் அவர்களுக்கென மறுவாழ்வு மையம் ஏற்பட்டது. 1973-இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கையரைப் படிக்கவைத்து ஆளாக்குவதையே தம் குடும்பக் கடமையாகக் கொண்டார். அவர்களே பின்னாளில் அவருக்குத் தோள் கொடுத்தனர். வீட்டில் ஒருவர் படித்தால் அடுத்தவருக்கு வழி பிறக்கும் என்பதை முதல் தலைமுறையாகப் படிக்கும் நாம் உணர்ந்துகொள்ள வேறு சான்று வேண்டுமோ?

பதினோரு படுக்கைகள்

1976-இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கைகளே அதற்குப் போதிய காரணம். அவரோ அவ்வாண்டிலேயே மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும், தம்பி சீனிவாசனும் உடன் நின்றனர். பணம் போதவில்லை, வீடு அடமானம் போயிற்று, நகைகளும் போயின. தாம் போற்றிய அரவிந்தரின் பெயரையே மருத்துவமனைக்குச் சூட்டினார்.

அம்மருத்துவமனையின் கணக்கு எளியது. கொடுக்க முடிந்தவர் கட்டணம் கொடுப்பார். முடியாதவர் இலவசமாகப் பெறுவார். முன்னவர் கொடுப்பதிலேயே பின்னவர்க்கும் நடந்துவிடும். இதற்குச் செலவு குறைய வேண்டும். வேலை பெருக வேண்டும். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், குறைந்த விலையில் உணவு தருவதைக் கண்டு, அதேபோல் கண்ணறுவையை ஏன் தர முடியாது என்று சிந்தித்தவர் அவர். அறுவை அரங்கில் இரு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் ஒரு கணமும் வீணாக்காமல் திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். இதற்குத் துணைநிற்பவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள்.

புரை அகற்றிய கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லை அன்று அயல்நாட்டிலிருந்து வந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ நூறு டாலர். ஏழைக்கு எட்டாக்கனி. 1992-இல் அரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் தொடங்கப்பட்டது. வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று அங்கே செய்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன. தேனியில் 1985-இலும், திருநெல்வேலியில் 1988-இலும், கோவையில் 1997-இலும், புதுச்சேரியில் 2003-இலும் மருத்துவமனைகள் எழுந்தன. பதினோரு படுக்கையில் தொடங்கியது உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது.

2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் மறைந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அந்த நோயோடு வாழ்ந்திருந்தார். கைகள் கடைசி வரை வளைந்தே இருந்தன.

நான் கற்றுக்கொண்டது

இதைக் கேட்டதும் என் கண் குணமாகிவிடவில்லை. குணமாகாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். கட்டுக்குள் வைக்கலாம் என்பதே அவர் தந்த உறுதி. ஆனால் நான் பெட்டியை அவிழ்த்தேன்.

விரலை நிமிர்த்த முடியாதவர் கருவியை மாற்றினார் அல்லவா? நாங்களும் அதையே செய்தோம். பேராசிரியர் எனக்கென ஒரு நுண்ணோக்கியை வடக்குப் பக்க ஜன்னலோரம் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி வழியே வரும் பகல் வெளிச்சத்தில், நல்ல கண்ணான இடக் கண்ணால் பார்க்கப் பழகினேன். நண்பர்கள் எனக்காகக் குறிப்பெழுதினர். தவறிய செய்முறைத் தேர்வை அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். நாள்தோறும் அதிகாலையில் அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறேன். இந்நோய்க்கு ஓய்வு பகை, அசைவே மருந்து. முன்பெல்லாம் முதுகு வலித்தால் படுத்துவிடுவேன். இப்போது எழுந்து நடக்கிறேன்.

அப்பா இன்னும் முழுமனத்தோடு சம்மதிக்கவில்லை. ஆயினும் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும்போது, இப்போதெல்லாம் பரீட்சை எப்போது என்றும் சேர்த்துக் கேட்கிறார்.

மாணவ நண்பர்களுக்கு ஓரிரு செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். கண் சிவந்தால் அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பீளை இல்லாமல் ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். காலையில் முதுகு விறைப்பதுண்டு எனில் அதையும் கேட்காமலேயே சொல்லுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்து என் பார்வையைக் காத்தது உண்மை. அதே மருந்தை மருத்துவர் மேற்பார்வையின்றிக் கடையில் வாங்கி விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் கூடும்; புரையும் விழும். சிவப்பு மறைந்துவிட்டதென்று நாமாகப் பாதியில் நிறுத்துவதும் தவறு. சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் சிவந்த கண்ணோடு வெளியே வராமல் இருட்டறையில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா நந்தியாவட்டை பறிக்கப் புறப்பட்டார். நான் அவரைத் தடுத்து, மறுநாள் முதல் பேருந்தில் அவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு இறங்கினேன். அவனுக்கு வந்திருந்தது என் நோயன்று. கண்ணில் பட்ட மரத்தூளால் ஏற்பட்ட புண். அதற்கும் தாமதம் ஆபத்தே என்று மருத்துவர் கூறினார். ஒரு வாரத்தில் தேறிவிட்டான். அவர்கள் வரமாட்டார்கள் என்றால் நாம் போவோம் என்று ஒருவர் மதுரையில் தொடங்கியதில் எழுபது வளைவு தூரம் என் பங்கும் இருக்கட்டும்.

வளைந்த விரல்களால் இலட்சம் கண்களைத் திறந்த அப்பெருமகனார் புகழ் நீடு வாழ்க!